பங்குக் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர்

கார்த்திகைக் கடைசியில் அடித்த புயலில் மலைநாடு சரிந்துபோன வருடம் அது. மார்கழி மாதம், இணுவிலில் எங்கள் தோட்டக் கிணற்றடியில் நடந்த சம்பவம் இது. என்னைத் தெரிந்தவர்கள் எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். பொய் இல்லை. சண்டை என்று வந்தால் நான் பின்னுக்கு நின்ற ஆள் இல்லை. ஆனால் அந்த மார்கழியில், சண்டை என்றால் என்ன என்று எனக்குக் காட்டித் தந்தவள் வேறு ஒருத்தி. அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் மருமகள் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். கொழும்பில் வேலை செய்துகொண்டு மாதமொருமுறை வீட்டுக்கு வந்துபோகிற என் மகன், அங்கே அவளைக் கண்டு, விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தான். அப்போதே ஊரில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஒருத்தி என் வீட்டுக்கே வந்து, மலைநாட்டுப் பெட்டையாமே என்று இழுத்தாள். ஓம், உங்கள் மகன் லண்டனில் வெள்ளைக்காரியைக் கட்டினதற்கு நாங்கள் பலகாரம் தின்றோம்தானே, நீங்களும் தின்றுவிட்டுப் போங்கள் என்று தட்டை நீட்டினேன். அதற்குப் பிறகு என் காதுபட ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

புயல் எங்களையும் விட்டுவைக்கவில்லை. முற்றத்தில் முழங்கால் அளவு வெள்ளம். மலசலகூடக் குழி நிரம்பி அந்தத் தண்ணீர் வீட்டுக் கிணற்றோடு கலந்துவிட்டது. சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு, மறு அறிவித்தல் வரும்வரை வாயில் வைக்கவேண்டாம் என்று சொல்லிப் போனார். ஒழுங்கையின் மறுமுனையில் இருக்கிற தோட்டக் கிணற்றில்தான் நாங்கள் குடிக்க அள்ளினோம். மேட்டுக் காணி என்பதால் அந்தக் கிணறு தப்பிவிட்டது. நல்ல தண்ணீர், உப்புச் சவர் சொட்டும் இல்லை.

எங்களுக்கு வெள்ளம் வடிந்துவிட்டது. மலையில் இருந்துதான் ஒரு செய்தியும் வரவில்லை. மருமகள் சாப்பிடாமல், உறங்காமல் போனைக் காதில் வைத்தபடி வீட்டுக்குள் நடந்து திரிந்தாள். பல நாள் கழித்து ஒரு மத்தியானம் அவளுடைய அக்காவின் குரல் கேட்டது. விடியற்புறம் மலை இறங்கி அவர்கள் குடியிருந்த லயத்தையே மூடிவிட்டதாம். சத்தம் கேட்டு எல்லோரும் வெறுங்காலோடு தொழிற்சாலைப் பக்கம் ஓடித் தப்பியிருக்கிறார்கள். அக்காவின் மாமியார் மட்டும் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போயிருக்கிறார். அவர் வரவில்லை. இப்போது எல்லோரும் ஒரு கோயில் மண்டபத்தில் இருக்கிறார்கள், அந்த மண்டபத்துக்கு மேலே இருக்கிற மலையும் வெடித்துக் கிடக்கிறது, மழை தூறினாலே பிள்ளைகள் எழுந்து நின்றுகொண்டு உறங்க மாட்டோம் என்கிறார்கள் என்று அவள் சொன்னாள்.

மருமகள் என்னிடம் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"சட்டி ஓட்டையாகப் போகுது. உன்ரை அக்காவையும் பிள்ளையளையும் இஞ்சை வரச்சொல்லு," என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

இந்த இடத்தில் எங்கள் கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது பங்குக் கிணறு. நான்கு பங்குக்காரர், எல்லோரும் என் தாய்வழிச் சொந்தம். என் பங்கு சீதனமாக வந்தது. ஒவ்வொருவருக்கும் இறைப்புக்கு ஒரு முறை நாள் உண்டு. அவரவர் முறையில் மோட்டரும் தண்ணீரும் அவரவருக்கு. மற்றவர் முறையில் ஒரு வாய்க்கால் தண்ணீர் கூடப் பாய்ச்ச முடியாது, வெட்டுக்குத்து வந்துவிடும். ஆனால் குடிக்க அள்ளுவதற்கு முறை என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்த நான்கு பேரில் மூத்தவர் என் பெரியம்மாவின் மகன். எனக்கு அண்ணை. ஊரில் எந்த நல்லது கெட்டதென்றாலும் முன்னுக்கு நிற்கிற பெரிய மனிதர்.

மலைநாட்டுக்கு நிவாரணம் சேர்த்ததும் அவர்தான். குறைசொல்லக்கூடாது, ஓடியோடிச் சேர்த்தார். சந்தியில் லொறியை நிறுத்தி, ஒலிபெருக்கி கட்டி, அரிசி, பருப்பு, பால்மா, புதுத் துவாய், பாய் எல்லாம் ஏற்றினார்கள். லொறியின் பக்கவாட்டில் 'மலையக உறவுகளுக்கு எங்கள் கரம்' என்று பெரிய எழுத்தில் துணி கட்டியிருந்தது. அவர்கள் வேறு நாங்கள் வேறு இல்லை, ஒரே இரத்தம் என்று அண்ணை ஒலிபெருக்கியில் பேசியபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு மூட்டை வெங்காயம் கொடுத்தேன். உன் மருமகளின் ஆட்களுக்குத்தானே என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் பெருமையாகச் சிரித்தேன்.

லொறி போய் ஒரு கிழமைக்குள் அவர்கள் வந்துசேர்ந்தார்கள். பாதைகள் உடைந்து கிடந்ததால் எங்கெங்கோ சுற்றி, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு நாங்கள் எதிர்பார்த்த நேரத்துக்கு வெகுநேரம் பிந்தித்தான் பஸ் வந்தது. மருமகளின் அக்காவும் இரண்டு பெண் பிள்ளைகளும் இறங்கினார்கள். கையில் ஒரு பை. யாரோ கொடுத்த சேலை, அளவில்லாத செருப்பு. கணவன் வரவில்லை. அரசாங்கம் வீடு கட்டக் காணி காட்டும்போது ஆள் அங்கே நிற்காவிட்டால் பெயர் விட்டுப்போகும் என்று மண்டபத்திலேயே தங்கிவிட்டாராம். பெரியவளுக்குப் பத்து வயது இருக்கும். சின்னவள் தாயின் சேலைத் தலைப்பை விடவேயில்லை. நான் கையைப் பிடித்ததும் தாய் சொன்ன முதல் வார்த்தை, ரொம்ப நாள் இருக்க மாட்டோம் அம்மா, மலை அடங்கியதும் போய்விடுவோம் என்பது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்த காலோடு போகிற கதை கதைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று சொல்லி ஓட்டோவில் ஏற்றினேன்.

எங்கள் வீட்டில் அறை இரண்டுதான். தோட்டத்தில் வெங்காயம் அடுக்குகிற சின்ன வீடு ஒன்று சும்மா கிடந்தது. சுவர் கல், கூரை தகரம், மின்சாரமும் உண்டு. ஒருவருக்கும் பாரமாக இருக்கமாட்டேன் என்று அக்காக்காரியே அந்த வீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மறுநாள் போய்ப் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. முற்றம் கூட்டி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். வெங்காய வாசம் மட்டும் போகவில்லை. அது பரவாயில்லைங்கம்மா, சேத்து வாசத்துக்கு இது எவ்வளவோ மேல் என்றாள்.

இரண்டொரு நாள்தான் போயிருக்கும். ஒரு காலை அவள் வெறும் குடத்தோடு என் வாசல் படலையில் வந்து நின்றாள். கிணற்றில் கயிறு இல்லை என்றாள். போய்ப் பார்த்தேன். கப்பி இருந்தது, வாளி இருந்தது, கயிற்றைக் காணவில்லை. மோட்டர் கொட்டிலின் பூட்டும் புதிது. எனக்கு விளங்கிவிட்டது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே அண்ணையின் வீட்டுக்குப் போனேன்.

அவர் விறாந்தையில் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு எங்கே என்று கேட்டேன். பழுதாய்ப் போய்விட்டது, கழற்றிவிட்டேன் என்றார். பழையதைக் கழற்றினால் புதியதைப் போடவேண்டியதுதானே என்றேன். பேப்பரை மடித்து வைத்தார். பிறகு குரலைத் தணித்து, கிணறு பங்குக்காரருக்கு உரியது, உன் மருமகள் கட்டிவந்ததால் உன் வீட்டு ஆள், அது வேறு, வருகிறவர் போகிறவர் எல்லாம் கயிற்றைத் தொட்டால் நாளைக்கு ஊரில் தலைகாட்ட முடியாது, மற்றவர்களும் குறைசொல்கிறார்கள் என்று நீட்டிக்கொண்டே போனார். கடைசியில் கேட்டாரே ஒரு கேள்வி!

"கோவிக்காதை தங்கச்சி. உவை என்ன ஆக்கள் எண்டு உனக்குத் தெரியுமோ?"

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என்ன ஆக்கள் என்றால் என்ன சாதி என்று அர்த்தம். நேரே கேட்கவும் கூச்சம், கேளாமல் இருக்கவும் மனம் வராது. அதற்காக எங்கள் ஊர் கண்டுபிடித்து வைத்திருக்கிற மரியாதையான வழி அது.

"தாகம் எடுக்கிற ஆக்கள் அண்ணை," என்றேன். "லொறியிலை அரிசி ஏத்தேக்கை உந்தக் கேள்வியை ஒருத்தரும் கேக்கேல்லையே."

"அது அங்கை, தங்கச்சி. இது எங்கடை கிணறு."

எவ்வளவு அமைதியாகச் சொன்னார் தெரியுமா? ஒரே இரத்தம் என்று ஒலிபெருக்கியில் கத்திய அதே வாய். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன்கோயில் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். கூடப் பிறக்காவிட்டாலும் கூடப் பிறந்தவர் போல இருந்தவர். அவர் என் கல்யாணத்துக்கு மாவிலை கட்டியவர். அந்தக் கோபத்துக்குள் ஒரு அழுகையும் இருந்தது. அழுதால் அவர் வென்றுவிடுவார் என்று விழுங்கிக்கொண்டேன்.

என் கணவர் வாயில்லாப் பூச்சி. எங்கள் கல்யாணம் முடிந்த நாளில் இருந்து அவர் என்னிடம் அதிகம் சொன்ன வசனம், 'உமக்கு ஏன் உந்த வில்லங்கம்?' என்பதுதான். நான் வந்து குதித்ததும் அன்றைக்கும் அதைத்தான் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்குத் தேநீர் கூடப் போடவில்லை. சேர்ட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சண்டைக்குப் பயந்து ஓடுகிறார் என்று நினைத்தேன். சுன்னாகம் சந்தையில் இருந்து புதுக் கயிற்றுச் சுருளோடு திரும்பி வந்தார். நேரே கிணற்றடிக்குப் போய்க் கப்பியில் போட்டு வாளியைக் கட்டினார். பக்கத்துத் தோட்டத்தில் நின்ற ஒருவர் என்ன ஏது என்று கேட்டதற்கு, கயிறு எங்களுடையது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். அவருக்கு அதுவே ஒரு பிரசங்கம்.

மறுநாள் என் முறை. என் முறையில் என் கிணற்றில் நான் யாரைக் குளிப்பாட்டினாலும் ஒருவரும் கேட்கமுடியாது. வேண்டுமென்றே வெயில் ஏறும்வரை காத்திருந்து, எல்லோரும் தோட்டத்தில் நிற்கிற நேரமாகப் பார்த்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பூட்டின் திறப்பை அண்ணை ஆளனுப்பித் தந்திருந்தார், முறை நாளில் அதை மறிக்க அவராலும் முடியாது. மோட்டரைப் போட்டேன். அது உறுமத் தொடங்கியதுதான் தாமதம், சின்னவள் ஓடிப்போய்த் தாயின் காலைக் கட்டிக்கொண்டாள். மலை இறங்கியபோது இப்படித்தான் சத்தம் வந்ததாம். நிறுத்திவிட்டு வாளியால் அள்ளித் தொட்டியை நிரப்பினோம். பெரியவள் மெல்ல மெல்லச் சிரிக்கத் தொடங்கி, கடைசியில் தங்கச்சிக்குத் தண்ணீர் அடித்து விளையாடினாள். மருமகளும் அக்காவும் பையில் இருந்த உடுப்புகளைக் கல்லில் போட்டுத் துவைத்தார்கள். அந்தச் சேறு எத்தனை தரம் அலசியும் போகவில்லை. அண்ணை தூரத்தில் மண்வெட்டியோடு நின்று பார்த்தார். நான் கையசைத்துக் காட்டினேன்.

என் முறை முடிந்ததும் பழைய கதைதான். மற்ற நாட்களில் அவள் குடத்தோடு போனால் யாராவது வந்து, பிறகு வா, இப்போது வேலை நடக்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். ஒருவரும் கத்தவில்லை, தள்ளவில்லை. எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் அள்ளிக்கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் வாங்கி வைத்துக்கொள்வாள். ஆனால் முகம் இறுகிவிடும். ஒருநாள் மருமகள் என்னிடம் வந்து, மாமி, அக்கா திரும்பிப் போகப் பார்க்கிறா என்றாள். எங்கே போவது? வெடித்த மலைக்குக் கீழே, அந்த மண்டபத்துக்கு. அங்கே இன்னும் மழை விட்டபாடில்லை.

அடுத்த நாள் பங்குக்காரரைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். அன்றைக்கு அண்ணையின் முறை. அவருடைய தோட்டத்தில் வெங்காய நடுகை. நாலைந்து பெண்கள் பாத்தியில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். மோட்டர் ஓட, வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அண்ணையும் மற்ற இரண்டு பங்குக்காரரும் வந்தார்கள். என் கணவர் என் பின்னால் நின்றார். அந்தப் பெண் குடத்தை இடுப்பில் வைத்தபடி எட்டத்தில் நின்றாள்.

நான் கதைத்தேன். கதைத்தேன் என்றால், என் வாழ்நாளில் அப்படிக் கதைத்ததில்லை. யுத்தத்தில் எங்கள் சனம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்துபோன காலத்தில் யாருடைய கிணற்றில் அள்ளிக் குடித்தோம் என்று கேட்டேன். அன்றைக்கு எங்களை யாராவது என்ன ஆக்கள் என்று கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். ஒருவர் நிலத்தைப் பார்த்தார். ஒருவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமியவர்தான், நல்ல மனிதர் அவர், சமாதானமாக ஒரு வழி சொன்னார். நடுகைக்கு ஆள் கிடைக்காத காலம். அந்தப் பெண் நான்கு பேருடைய தோட்டத்துக்கும் வேலைக்கு வரட்டும். வேலை செய்கிற ஆட்களுக்கு நாங்கள் தண்ணீர் அள்ளி ஊற்றுவது வழக்கம்தானே. அவளுக்கும் குடத்தில் ஊற்றிவிடுவோம். கயிற்றைத் தொடாமல் இருந்தால் சரி, ஒருவருக்கும் மனக்கசப்பு இல்லை.

அண்ணை தலையாட்டினார். என் கணவரும் என்னைப் பார்த்தார். மெய்யாகச் சொல்கிறேன், எனக்கும் 'ஓம்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவ்வளவு களைப்பு. பிள்ளைகளுக்குத் தண்ணீர் கிடைக்கும், அவளுக்கு வேலையும் கிடைக்கும், பொங்கல் வருகிறது, சொந்தத்துக்குள் பகை வேண்டாம் என்று மனம் கணக்குப் போட்டது.

அப்போதுதான் அவள் முன்னுக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"வேலை குடுத்தா செய்வேங்கய்யா. வேலை செய்யாம நாங்க ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. அதுக்குக் கூலி குடுங்க. தண்ணிக்காக வேலை செய்ய மாட்டேன். கையேந்தியும் குடிக்க மாட்டேன். மலை எங்க வீட்ட எடுத்துக்கிச்சு, மாமியாரை எடுத்துக்கிச்சு. இந்தக் கைய விட்டுட்டுத்தான் போயிருக்கு. நானே அள்ளிக்கிறேன்."

அண்ணையின் முகம் சிவந்துவிட்டது. அப்படியென்றால் வந்த வழியே திரும்பிப் போகவேண்டியதுதான் என்றார்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. அவருடைய தோட்டத்துக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால் என் காணிக்குள்ளால்தான் போகிறது. எங்கள் அம்மா காலத்து விட்டுக்கொடுப்பு அது, எந்தக் காணி உறுதியிலும் இல்லை. அங்கே கிடந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனேன். கிணற்றில் அவளுக்குப் பங்கில்லை என்றால் என் நிலத்தில் உங்கள் தண்ணீருக்கும் வழியில்லை, இப்பவே வெட்டி அடைக்கிறேன் என்று கத்தினேன். நடுகை நாளில் தண்ணீர் நின்றால் அவ்வளவு வெங்காயமும் வாடிவிடும் என்று எனக்குத் தெரியும். வாடட்டும் என்றுதான் ஓங்கினேன்.

அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்கம்மா. நட்ட பயிரு. அதுக்குத் தண்ணி போகட்டும்."

மண்வெட்டியை என்னிடமிருந்து வாங்கிக் கொட்டில் சுவரில் சாத்தினாள். குடத்தை எடுத்துக்கொண்டு நேரே கிணற்றுக் கட்டுக்குப் போனாள். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்தாள், வாளியை இறக்கினாள், ஒரு தரம் சாய்த்து நிரப்பினாள், இழுத்தாள். கப்பி கிறீச்சிட்டது. மூன்று பங்குக்காரரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறிப்பதென்றால் ஒன்றில் அவளுடைய கையைப் பிடிக்கவேண்டும், அல்லது அவள் பிடித்த கயிற்றைப் பிடிக்கவேண்டும். தொட்டால் தீட்டு என்கிற அவர்களுடைய வழக்கமே அதற்கு அவர்களை விடவில்லை! எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

குடம் நிறைந்தது. அவள் வாளியில் மிச்சம் இருந்த தண்ணீரை இரண்டு கையாலும் தூக்கி, அண்ணாந்து குடித்தாள். தாடை வழியே சேலையெல்லாம் நனைந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். வெங்காயம் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி எனக்கு நன்றாகத் தெரிந்தவள். நான் கல்யாணம் முடித்த காலம் தொட்டு எங்கள் தோட்டத்திலும் நடுகைக்கு வருகிறவள். பாத்தியில் இருந்து எழுந்து வரம்பு வழியே கிணற்றடிக்கு வந்தாள். கையில் இருந்த மண்ணைச் சேலையில் துடைத்தாள்.

"விடு பிள்ளை. நானும் ஒருக்கா அள்ளிப் பாக்கிறன்," என்றாள்.

கயிறு கை மாறியது. அவள் வாளியை இறக்கிய விதத்திலேயே தெரிந்தது, அந்தக் கயிற்றை அவள் முன்பு பிடித்ததேயில்லை. வாளி சுவரில் இடித்து இடித்துப் போனது. எத்தனை வருடம் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பயிர் நட்டவள்! தாகம் என்றால் வரம்பில் வந்து நிற்பாள், யாராவது அள்ளி அவளுடைய கையில் ஊற்றுவோம், குனிந்து குடித்துவிட்டுப் போவாள். அதை நான் தினமும் கண்ணால் கண்டேன். ஊற்றுகிறோமே, நாங்கள் நல்லவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இவ்வளவு நேரமும் தென்மராட்சிக் கிணறு பற்றிப் பிரசங்கம் செய்த எனக்கு என் கிணற்றடியில் நின்றவளைத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது, யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

அவளும் அண்ணாந்து குடித்தாள். குடித்துவிட்டு, குளிர்கிறது என்றாள். பிறகு மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி அள்ளி முகம் கழுவினாள். ஒருத்தி சும்மா கயிற்றை இழுத்துப் பார்த்துச் சிரித்தாள். அதற்குள் வாய்க்காலைத் திருப்ப ஆளில்லாமல் அண்ணையின் பாத்தி ஒன்று நிரம்பி வழிந்தது. அவரே ஓடிப்போய் மண் வெட்டிப் போட்டு அடைத்தார். திரும்பி வந்தவர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. மோட்டரை நிறுத்திப் பூட்டிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். சமாதானம் சொன்ன அந்த நல்ல மனிதர் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் போய்விட்டார்.

கயிற்றை அதற்குப் பிறகு ஒருவரும் கழற்றவில்லை. கழற்றினால் அந்தப் பெண்கள் நடுகைக்கு வரமாட்டார்கள் என்ற பயம்தான், மனம் திருந்தியது என்று நான் நம்பவில்லை. அந்த வருடம் பொங்கலுக்கு அண்ணை எங்கள் வீட்டுக்கு வரவில்லை, நாங்களும் போகவில்லை. கோயிலில் கண்டால் மற்றப் பக்கம் திரும்புவார். எனக்கு அது நோகும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இறங்கிப்போய்க் கதைக்கமாட்டேன்.

அவள் சொன்னபடியே வேலைக்குப் போனாள், கூலி வாங்கினாள். யாருடைய முறை என்று பாராமல் காலையும் மாலையும் குடத்தோடு போய் அள்ளினாள். மாசியில் கணவனிடமிருந்து போன் வந்தது. வேறு சரிவில் தற்காலிகமாகத் தகரக் கொட்டில்கள் போட்டிருக்கிறார்கள், பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது என்றார். இங்கேயே இருந்துவிடு என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எங்க இடத்தை நாங்களே விட்டுக் குடுத்தா அப்புறம் யாருங்கம்மா கேப்பாங்க என்றாள். பஸ் புறப்படும்போது சின்னவள் மட்டும் அழுதாள்.

இன்றைக்கும் எங்கள் தோட்டத்தில் வேலை நடக்கிறபோது நான் ஒருவருக்கும் தண்ணீர் அள்ளி ஊற்றுவதில்லை. வாளி அங்கே இருக்கிறது என்று சொல்வேன், அவர்களே போய் அள்ளுவார்கள். ஊருக்குள் அதற்கும் ஒரு கதை உண்டு. கிழவிக்குத் திமிர் என்கிறார்களாம். சொல்லட்டும். காணி உறுதியும் பங்கும் வாயும் வைத்திருந்த நான் 'ஓம்' என்று தலைகுனியப் போன இடத்தில், ஒன்றுமே மிஞ்சாத ஒருத்தி தன் கையால்தான் அள்ளிக் குடிப்பேன் என்று நிமிர்ந்து நின்றதை நினைத்தால், இந்த வயதிலும் யாருக்கும் எதற்காகவும் குனியக்கூடாது என்று என் முதுகு தானாக நிமிர்கிறது.